பூட்டு இல்லாத சாவி

முதலில் ஒரு விடுகதை.

"பூட்டு இல்லை, ஆனால் சாவி உண்டு. வீட்டைத் திறக்காது, சக்கரத்தைச் சுத்த வைக்கும். அது என்ன?"

யோசிச்சுப் பாருங்க. மாவு மில், தண்ணீர் பம்ப்செட், கரும்பு ஜூஸ் மெஷின், லேத் பட்டறை என்று மோட்டார் ஓடும் எல்லா இடத்திலும் இது இருக்கிறது. ஆனால் வெளியே தெரியாது. விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் கட்டை, அவ்வளவுதான். பட்டறையில் இதற்குப் பெயர் "கீ". அதாவது சாவி!

இந்தச் சின்னக் கட்டை எவ்வளவு பாரம் தாங்குகிறது? எப்போது உடைகிறது? உடைந்தால் அதற்குப் பதில் ஒரு ஆணியைத் தட்டி வைக்கலாமா? இதையெல்லாம் நாம் படிக்கிற கணக்கையும் இயற்பியலையும் வைத்தே கண்டுபிடிக்க முடியும். வாங்க, பார்ப்போம்.

கீ என்ன வேலை செய்கிறது?

மோட்டாரின் நடுவில் இருந்து நீட்டிக்கொண்டு வரும் உருண்டைக் கம்பிதான் ஷாப்ட். அதில் மாட்டுவது புல்லி அல்லது பல்சக்கரம். ஷாப்டும் உருண்டை, புல்லியின் துளையும் உருண்டை. சும்மா மாட்டிவிட்டால் என்ன ஆகும்? ஷாப்ட் மட்டும் சுத்தும், புல்லி வழுக்கிக்கொண்டு அப்படியே நிற்கும்.

அதனால் ஷாப்டில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டுகிறார்கள். புல்லியின் துளையிலும் ஒரு பள்ளம். இரண்டு பள்ளத்தையும் நேருக்கு நேர் வைத்து, நடுவில் இந்தக் கட்டையைச் செருகுகிறார்கள். பாதி ஷாப்டுக்குள், பாதி புல்லிக்குள். இனி ஷாப்ட் சுத்தினால் புல்லியும் சுத்தியே ஆகணும்.

மாட்டுவண்டியின் கடையாணியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கடையாணி, சக்கரம் பக்கவாட்டில் கழன்று போகாமல் தடுக்கிறது. சக்கரம் அச்சின் மேல் தனியாகத்தான் சுத்தும். கீயின் வேலை அதற்கு நேர் எதிர். சக்கரமும் அச்சும் தனித்தனியாகச் சுத்தாமல் சேர்த்துப் பிடிக்கிறது.

முதல் கணக்கு: டார்க்

ஒரு பொருளைச் சுழற்ற முயலும் விசையின் விளைவைத் திருப்புத்திறன் என்று இயற்பியலில் படிக்கிறோம். பட்டறையில் "டார்க்" என்பார்கள். விசையையும், மையத்திலிருந்து அந்த விசை இருக்கும் தூரத்தையும் பெருக்கினால் டார்க்.

மாவு மில்லில் இருக்கும் 5 எச்.பி. மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர்ப்பலகையில் 3.7 கிலோவாட், நிமிடத்துக்கு 1440 சுற்று என்று போட்டிருக்கும். ஷாப்ட் விட்டம் 28 மி.மீ.

டார்க் = திறன் ÷ கோணத் திசைவேகம்

கோணத் திசைவேகம் = 2 × 3.1416 × 1440 ÷ 60 = 150.8 ரேடியன்/வினாடி

டார்க் = 3700 ÷ 150.8 = 24.5 நியூட்டன் மீட்டர்

இந்த டார்க் முழுவதும் கீ வழியாகத்தான் புல்லிக்குப் போக வேண்டும். கீ இருப்பது ஷாப்டின் விளிம்பில், அதாவது மையத்திலிருந்து 14 மி.மீ. தூரத்தில். எனவே,

கீயின் மேல் விசை = 24.5 ÷ 0.014 = 1750 நியூட்டன் (சுமாராக)

இதைக் கிலோவில் சொன்னால் ஏறக்குறைய 179 கிலோ. மூன்றரை மூட்டை சிமெண்ட் எடை! ஒரு விரல் அளவுக் கட்டை இதை நாள் முழுக்கத் தாங்குகிறது.

கீ சாகும் வழிகள் இரண்டு

ஒரு கீ இரண்டு விதமாகக் கெட்டுப்போகலாம்.

(1) வெட்டுப்படுதல்: ஷாப்ட் கீயின் கீழ்ப்பாதியை ஒரு பக்கம் தள்ளுகிறது. புல்லி மேல்பாதியை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. கத்தரிக்கோலில் மாட்டிய காகிதம் மாதிரி, கீ நடுவில் இரண்டாக அறுந்துவிடும். இதற்கு வெட்டுத் தகைவு என்று வைத்துக்கொள்வோம். தாங்கும் பரப்பு = அகலம் × நீளம்.

(2) நசுங்குதல்: கீ அறுபடாது. ஆனால் அதன் பக்கச் சுவர் நசுங்கி, பள்ளமும் அகலமாகி, புல்லி ஆட ஆரம்பிக்கும். இது நசுக்குத் தகைவு. இதைத் தாங்கும் பரப்பு = பாதி உயரம் × நீளம். ஏன் பாதி? கீயின் பாதி உயரம்தானே புல்லிக்குள் இருக்கிறது!

தகைவு என்றால் விசை ÷ பரப்பு. இது நமக்குத் தெரிந்ததுதான்.

கீயின் அளவை நாமே இஷ்டத்துக்கு வைப்பதில்லை. ஷாப்டின் விட்டத்துக்கு ஏற்ப அட்டவணை உண்டு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

ஷாப்ட் 17க்கு மேல் 22 மி.மீ. வரை: அகலம் 6, உயரம் 6
22க்கு மேல் 30 வரை: அகலம் 8, உயரம் 7
30க்கு மேல் 38 வரை: அகலம் 10, உயரம் 8
38க்கு மேல் 44 வரை: அகலம் 12, உயரம் 8
44க்கு மேல் 50 வரை: அகலம் 14, உயரம் 9

இந்த மாதிரி அட்டவணைகள் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வெளியிட்ட டிசைன் டேட்டா புத்தகத்தில் இருக்கும். பொறியியல் படிக்கும் அண்ணன், அக்கா யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

நம் ஷாப்ட் 28 மி.மீ. எனவே கீ 8 × 7. நீளம் 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

வெட்டுத் தகைவு = 1750 ÷ (8 × 40) = 5.5 நியூட்டன்/ச.மி.மீ.
நசுக்குத் தகைவு = 1750 ÷ (3.5 × 40) = 12.5 நியூட்டன்/ச.மி.மீ.

இது அதிகமா, குறைவா? சாதாரண மைல்டு ஸ்டீல் ஒரு ச.மி.மீ.க்குச் சுமார் 250 நியூட்டன் வரும்போதுதான் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும். வெட்டுக்கு அதில் பாதிக்குச் சற்று மேல். கணக்குப் போடுபவர்கள் பாதுகாப்புக்காக இன்னும் கீழே வந்து, வெட்டுக்குச் சுமார் 40, நசுங்கலுக்குச் சுமார் 70 என்று எல்லை வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு வந்திருப்பது 5.5, 12.5. ஆக, கீ ரொம்ப ரொம்பப் பத்திரம்!

அப்போ ஏன் சார் கீ உடையுது?

நல்ல கேள்வி. "எங்க மில்லுல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ கீ போயிடுது" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் உடனே, "கீ இரும்பு சரியில்ல" என்பார்கள். ஆனால் நம் கணக்கு என்ன சொல்கிறது? சரியான கீ, சரியாகப் பொருந்தியிருந்தால், சாதாரண ஓட்டத்தில் உடைய வாய்ப்பே இல்லை. அப்படியும் உடைந்தால் கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது. நோய் ஒரு இடம், வலி ஒரு இடம் என்கிற கதைதான்.

முக்கியமான மூன்று காரணங்கள்:

ஒன்று, துண்டுக் கீ. 40 மி.மீ. கீ கிடைக்கவில்லை என்று 15 மி.மீ. துண்டைப் போட்டுவிடுவது. பரப்பு குறைந்தால் தகைவு ஏறும். வெட்டுத் தகைவு 14.6, நசுக்குத் தகைவு 33.3 ஆகிவிடும். இதுவும் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அடுத்ததையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு, திடீர் நிறுத்தம். மெஷினுக்குள் கல்லோ இரும்புத் துண்டோ சிக்கி, புல்லி சட்டென்று நின்றுவிடுகிறது. ஆனால் மோட்டாருக்குள் இருக்கும் ரோட்டார் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். நிலைமம்! அதன் நிலைமத் திருப்புத்திறன் 0.012 கிலோகிராம் ச.மீட்டர் என்றும், நூறில் ஒரு பங்கு வினாடியில் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

கோண முடுக்கத் தளர்ச்சி = 150.8 ÷ 0.01 = 15080
இதனால் வரும் டார்க் = 0.012 × 15080 = 181 நியூட்டன் மீட்டர்

இதோடு மோட்டார் தள்ளுகிற 24.5ஐச் சேர்த்தால் 205.5. வழக்கமான டார்க்கைப் போல் 8.4 மடங்கு! முழு நீளக் கீயில் இதனால் வெட்டுத் தகைவு 46, நசுக்குத் தகைவு 105. எல்லையைத் தாண்டினாலும் இரும்பு உருமாறாது, பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த 15 மி.மீ. துண்டுக் கீயில்? வெட்டு 123, நசுங்கல் 280. 250ஐத் தாண்டிவிட்டது. கீ நசுங்க ஆரம்பித்துவிட்டது! பெல்ட் ஓட்டம் என்றால் பெல்ட் வழுக்கிக் கொஞ்சம் காப்பாற்றும். நேரடியாக இணைத்த மெஷினில் அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

மூன்று, லூஸ். கீ பள்ளத்தில் ஆடினால், பக்கம் முழுவதும் படியாமல் ஓரம் மட்டும் படியும். பாதிப் பரப்பு மட்டும் பட்டால் தகைவு இரண்டு மடங்கு. அதோடு மோட்டாரைப் போடும்போதும் நிறுத்தும்போதும் ஒவ்வொரு தடவையும் சுத்தியலால் அடிப்பது போல் "டொக்" என்று ஒரு அடி. அடிக்க அடிக்கப் பள்ளம் அகலமாகும். அகலமாக ஆக அடி பலமாகும். புல்லியிலிருந்து "டக்... டக்" சத்தம் கேட்டால் அதுதான் முதல் எச்சரிக்கை.

மெதுவாகச் சுத்தினால் பாரம் கம்மியா?

நம்மில் பலர் வேகமாகச் சுத்தும் ஷாப்டில்தான் பாரம் அதிகம் என்று நினைக்கிறோம். உண்மை தலைகீழ்!

அதே 3.7 கிலோவாட்டை கியர் வைத்து நிமிடத்துக்கு 60 சுற்றாகக் குறைப்போம். கரும்பு ஆலை உருளை மாதிரி மெதுவான வேலைக்கு இப்படித்தான் செய்வார்கள். கியரில் வீணாகும் திறனை விட்டுவிடுவோம். வேகம் 24 மடங்கு குறைந்தது. டார்க் 24 மடங்கு ஏறிவிடும்!

டார்க் = 3700 ÷ 6.283 = 589 நியூட்டன் மீட்டர்
ஷாப்ட் 50 மி.மீ. என்றால் விசை = 589 ÷ 0.025 = 23,560 நியூட்டன்

அதாவது 2.4 டன்! கீ 14 × 9, நீளம் 60 மி.மீ. போடுவோம்.

வெட்டுத் தகைவு = 23560 ÷ (14 × 60) = 28. எல்லை 40. பாஸ்!
நசுக்குத் தகைவு = 23560 ÷ (4.5 × 60) = 87. எல்லை 70. ஃபெயில்!

பார்த்தீர்களா? ஒரு பாடத்தில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில். அதனால்தான் இரண்டையும் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். பாஸ் ஆக எவ்வளவு நீளம் வேண்டும்? 23560 ÷ (4.5 × 70) = 75 மி.மீ. இது ஷாப்ட் விட்டத்தில் சரியாக ஒன்றரை மடங்கு. "கீ நீளம் ஷாப்டைப் போல ஒன்றரை" என்று பட்டறையில் வாய்க்கணக்காகச் சொல்வது சும்மா இல்லை!

நம் சைக்கிளிலும் உண்டு

மெஷின் எல்லாம் நமக்கெதுக்கு என்று நினைக்கிறீர்களா? சைக்கிள் நிறுத்தத்தில் போய்ப் பாருங்கள். பழைய மாடல் சைக்கிள்களில் பெடல் கிராங்கை அச்சோடு பிடித்திருப்பது ஒரு குட்டி ஆணி. காட்டர் பின் என்பார்கள். இதுவும் கீயின் சொந்தக்காரன்தான்.

50 கிலோ எடையுள்ள ஒருவர் மேட்டில் ஏறும்போது பெடல் மேல் எழுந்து நின்று மிதிக்கிறார். கிராங்க் நீளம் சுமார் 17 செ.மீ.

டார்க் = 50 × 9.81 × 0.17 = 83 நியூட்டன் மீட்டர்

5 எச்.பி. மோட்டாரின் டார்க் 24.5 தான். நம்ம கால் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல்! (திறனில் மோட்டார்தான் பெரிசு. ஏனென்றால் அது வேகமாகச் சுத்துகிறது.) 16 மி.மீ. அச்சின் விளிம்பில் இது தோராயமாக ஒரு டன் விசை. பெடல் "கடக் கடக்" என்று ஆடினால் இந்தப் பின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் மேட்டில் எழுந்து மிதிக்கும்போது சட்டென்று கால் வழுக்கும். பின்னாடி பஸ் வந்தால் என்ன ஆகும்? பின்னின் விலை ரொம்பக் குறைவு. இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

பள்ளம் வெட்டினால் ஷாப்ட் பலம் குறையாதா?

குறையும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எச்.எஃப். மூர் என்பவர் சோதனை செய்து ஒரு சூத்திரம் கொடுத்தார்.

மிச்சமிருக்கும் பலம் = 1 − 0.2 × (பள்ள அகலம் ÷ விட்டம்) − 1.1 × (பள்ள ஆழம் ÷ விட்டம்)

நம் 28 மி.மீ. ஷாப்டில் பள்ளம் 8 அகலம், 4 ஆழம். போட்டால் 1 − 0.057 − 0.157 = 0.786. அதாவது நூற்றுக்குச் சுமார் 79 பங்கு பலம்தான் மிச்சம். அகலத்தை விட ஆழம்தான் அதிகம் பாதிக்கிறது என்பதையும் கவனியுங்கள். லூஸான கீக்காகப் பள்ளத்தை இன்னும் ஆழமாக வெட்டினால் ஷாப்டே போய்விடும். பள்ளத்தின் அடிமூலையும் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கக் கூடாது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

வகை வகையான கீ

மேலே கணக்குப் போட்டது நேர்க் கீ. இன்னொன்று உட்ரஃப் கீ, பாதி நிலா வடிவம். அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த உட்ரஃப் என்பவர் உருவாக்கியது. இதற்காக 1888இல் அவருக்கு ஃபிராங்க்ளின் நிறுவனம் ஜான் ஸ்காட் பதக்கம் கொடுத்தது. மூன்றாவது தலை உள்ள சரிவுக் கீ. 100 மி.மீ.க்கு 1 மி.மீ. சரிவு. அடித்து இறுக்கலாம், தலையைப் பிடித்து நெம்பிக் கழற்றலாம். வசதிதான். ஆனால் ஆபத்தும் அந்தத் தலையில்தான்!

அந்தத் தலை வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். மெஷின் ஓடும்போது கண்ணுக்கே தெரியாது. தாவணி, துப்பட்டா, லுங்கி, முழுக்கைச் சட்டை எது பட்டாலும் இழுத்துச் சுருட்டிவிடும். இதனால்தான் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 26ஆம் பிரிவு, சுழலும் ஷாப்டில் இருக்கும் கீ, போல்ட், ஸ்குரூ எல்லாம் உள்ளடங்கியோ மூடியோ இருக்க வேண்டும் என்று தனியாகவே எழுதி வைத்தது. மில்லுக்கு மாவு அரைக்கப் போகும்போது மூடி இல்லாத புல்லி பக்கம் நிற்காதீர்கள். தம்பி தங்கச்சியை அழைத்துப் போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆணி போடலாமா?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். கீ உடைந்துவிட்டது, கடை தூரம். ஆணியைத் தட்டி வைக்கலாமா?

கூடாது. 8 மி.மீ. பள்ளத்தில் 5 மி.மீ. உருண்டை ஆணி போட்டால், பக்கச் சுவரில் அது ஒரு கோடாக மட்டுமே படும். பரப்பு ஏறக்குறைய பூஜ்யம். தகைவு எங்கேயோ போய்விடும். ஆணி நசுங்குவதோடு பள்ளத்தையும் கெடுத்துவிடும்.

"அப்போ உடையவே உடையாத கெட்டி இரும்பில் கீ செய்யலாமே" என்று சிலர் கேட்பார்கள். அதுவும் தப்பு! கீ என்பது மெஷினின் ஃபியூஸ். வீட்டில் ஃபியூஸ் போகிறதே என்று தடிக் கம்பி போட்டால் வயரே எரிந்துவிடும் அல்லவா? அதே மாதிரி கீ உடையாவிட்டால் ஷாப்டோ பல்சக்கரமோ உடையும். பல புல் வெட்டும் பெட்ரோல் மெஷின்களில் வேண்டுமென்றே மெதுவான உலோகத்தில் கீ வைக்கிறார்கள். கத்தி கல்லில் மோதினால் கீ அறுந்து, விலை கூடிய கிராங்க் ஷாப்ட் தப்பிக்கிறது. தேங்காய் உடைத்துத் தலையைக் காப்பது மாதிரி!

எனவே கீ உடைந்தால் செய்ய வேண்டியவை:

1. மெயின் ஸ்விட்சை அணைத்து, முடிந்தால் ஃபியூஸையும் கழற்றி, பிறகுதான் கை வைக்க வேண்டும்.
2. உடைந்த கீயைப் பாருங்கள். நடுவில் சுத்தமாக அறுந்திருந்தால் ஏதோ சிக்கி நின்றிருக்கிறது. பக்கம் நசுங்கி வழிந்திருந்தால் லூஸ் அல்லது நீளம் போதவில்லை.
3. பள்ளத்தை வெர்னியரில் அளந்து, அதே அளவில், முழு நீளத்துக்குக் கீ போடுங்கள். அரத்தால் ராவி, கையால் தட்டினால் இறுக்கமாக உட்காரும்படி செய்ய வேண்டும்.
4. மூடியை மாட்டிய பிறகே ஸ்விட்ச்.

நீங்களே போடுங்க!

10 எச்.பி. மோட்டார், 7.5 கிலோவாட், நிமிடத்துக்கு 1440 சுற்று. ஷாப்ட் 38 மி.மீ. கீயின் அகலத்தையும் உயரத்தையும் மேலே உள்ள அட்டவணையில் பாருங்கள். நீளம் 50 மி.மீ. இரண்டு தகைவையும் கண்டுபிடியுங்கள்.

(விடை: டார்க் 49.7 நியூட்டன் மீட்டர், விசை சுமார் 2617 நியூட்டன், வெட்டு 5.2, நசுங்கல் 13.1. முதல் மோட்டாரின் 5.5, 12.5 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். குதிரைத்திறன் இரண்டு மடங்கு ஆனாலும் தகைவு கிட்டத்தட்ட அதேதான்! மோட்டார் பெரிதாகும்போது ஷாப்டையும் கீயையும் சேர்த்தே பெரிதாக்கியிருக்கிறார்கள்.)



— 12ஆம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவு